இடது பக்க ஸ்டீயரிங்

மக்களே, நான் கரமனையில் வெல்டிங் பட்டறை போட்ட முதல் வருடம், ஆற்றுக்குப் போகிற அக்கிரகாரத் தெருவில் ஒரு வீட்டுக்கு இரும்பு கேட் செய்து மாட்டினேன். எதிர்வீட்டு அம்மாளுக்கும் ஒரு கேட் தேவைப்பட்டது. அவர் தன் வாசலில் நின்றபடியே, "இவன் வேலை எப்படி இருக்கு?" என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டு நிற்கிறேன்.

கேட் போட்ட வீட்டு மாமி சொன்னார்: "வெல்டிங் நன்னாயிருக்கு. பெயிண்ட் மோசம். சொன்ன நாளைக்கு நாலு நாள் கழிச்சு வந்தான். நாலு நாளும் நாலு காரணம் சொன்னான். அதில் ஒண்ணுகூட நிஜமில்லை."

"மாமி, நான் நிக்கேன்லா" என்றேன்.

"நிக்கறே. அதனாலதான் சொன்னேன். நீ போனப்புறம் சொன்னா அது கோள்."

எதிர்வீட்டு கேட்டும் எனக்கே கிடைத்தது. நாலு நாள் தாமதமாகும் என்று முன்னாலேயே தெரிந்துவிட்டதால் நிம்மதி என்றார் அந்த அம்மாள்.

அந்த மாமியைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதுகிறேன். பேர் வேண்டாம். பேர் போட்டு எழுதினால் அவருக்குப் பிடிக்காது. பிடிக்கவில்லை என்பதை முகத்துக்கு நேராகச் சொல்லவும் செய்வார்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் மாமி. அங்கே ஒரு மேலதிகாரி, யாராவது தன்னைக் கூப்பிட்டால், 'நான் இல்லேன்னு சொல்லு' என்பாராம். மாமி லைனில், 'இருக்கார். பேச இஷ்டமில்லேன்னு சொல்றார்' என்று சொல்லிவிடுவாராம். இதை எனக்குச் சொன்னது சார். சார் என்றால் மாமியின் கணவர். சொல்லிவிட்டுச் சிரிப்பார். "நாற்பது வருஷமா குளிக்கறச்சே பாடறேன் மேஸ்திரி. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நன்னாயிருக்குன்னு சொல்லியிருப்பாளா கேளு."

உள்ளிருந்து மாமியின் குரல் வரும். "நன்னாயிருந்தாச் சொல்லமாட்டேனா?"

இவ்வளவும் சிரிப்பாக இருந்த காலம். பிறகு சாருக்கு நினைவு குறைய ஆரம்பித்தது.

அவர் ஒரு மருந்துக் கம்பெனியில் இருந்தவர். தன் வெள்ளை பியட் காரில் மருந்துப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு நெடுமங்காடு, கல்லாறு, பொன்முடி என்று எஸ்டேட் ஆஸ்பத்திரிகளுக்கு முப்பது வருடம் போய் வந்திருக்கிறார். ஓய்வுபெற்ற பிறகும் ஆசைக்கு அந்தப் பக்கம் ஒரு சுற்றுப் போவார். அப்படிப் போன ஒரு நாள், கல்லாற்றில் ஒரு டீக்கடையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு எந்த வழியாகப் போகவேண்டும் என்று தெரியவில்லை. கடைக்காரர் சாரின் பையில் இருந்த போனை வாங்கி மாமியை அழைத்தார். மாமி பஸ் ஏறிப் போய், காரில் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லிக் கூட்டிவந்தார்.

மறுநாள் காலையில் அவரை எதிரே உட்காரவைத்து, "இனிமே நீங்க வண்டி ஓட்டப்பிடாது. வழி மறந்துபோறது. நாளைக்கு யார் மேலயாவது ஏத்திடுவேள்" என்றார். கார்ச் சாவியை ஒளித்து வைக்கவில்லை. அலமாரியில் எந்தத் தட்டில் வைக்கிறேன் என்பதையும் காட்டித்தான் பூட்டினார்.

கார் வீட்டுக்குப் பின்னால் தென்னைமரத்தடியில் நின்றது. ஆறு வருடம். ஒரு மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீர் ஏறிவந்து அதன் டயர் முழுகும்வரை நின்றுவிட்டுப் போனது. அதற்குப் பிறகு அதை யாரும் கார் என்று சொல்லவில்லை.

சார் அடிக்கடி, "அம்மா எங்கே?" என்று கேட்பார். மாமி, "அம்மா போயாச்சு. பத்தொம்பது வருஷம் ஆச்சு" என்பார். சாருக்கு அது ஒவ்வொரு முறையும் புதுச் செய்தி. அப்போதுதான் அம்மா செத்த மாதிரி துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுவார். ஜன்னல் கம்பி பற்றவைக்கப் போயிருந்த நான் ஒரே காலையில் இரண்டு தடவை அதைப் பார்த்தேன். கையில் இருந்த வெல்டிங் ஹோல்டரைக் கீழே வைத்துவிட்டேன்.

எதிர்வீட்டு அம்மாளுக்கும் பொறுக்கவில்லை. "கோவிலுக்குப் போயிருக்கா, இப்போ வந்துடுவான்னு சொல்லப்பிடாதோ? அவர் எதை ஓர்மை வச்சுக்கப் போறார்?"

மாமி சொன்னார்: "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இவர்ட்ட ஒரு பொய் சொன்னதில்லை. இப்போ இவருக்குத் தெரியாதுங்கற தைரியத்துல சொன்னா, அது பொய் மட்டுமில்லே. திருட்டு."

எனக்கு அது சரியா தப்பா என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. நானாக இருந்தால் கோவிலுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லியிருப்பேன்.

அதற்குப் பிறகு சார் வாசலைத் தாண்டுவது நின்றது. சர்க்கரை ஏறிக் கிடந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயே ஆகவேண்டும் என்று ஆம்புலன்ஸை வரவழைத்தார்கள். மூன்று பேர் தூக்கினார்கள். நான் செய்த கேட்டின் கம்பியைச் சார் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். ரத்தம் வந்தது. ஆம்புலன்சுக்குள் வைத்து மயக்க ஊசி போட்டபோது மூச்சே நின்றுவிடப் பார்த்தது. பாதி வழியில் திரும்பிக் கொண்டுவந்து விட்டார்கள். வீட்டில் வைத்து இனி மயக்க ஊசி போடமாட்டோம், எப்படியாவது அவராக வரவேண்டும் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

அன்றிலிருந்து ஆட்டோ சத்தம் கேட்டாலே சார் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிவார். எழுபத்தைந்து வயது மனிதர். யாராவது வெளியே போகலாமா என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும். "என் வண்டி எங்கே? வண்டியில வரேன்."

மாமி ஒரு நாள் பட்டறைக்கு வந்தார். என்னைக் கூட்டிக்கொண்டுபோய்த் தென்னைமரத்தடியில் நிறுத்தினார்.

"இது ஓடுமோ ஓடாதோ? உள்ளதைச் சொல்லு."

கேட் வேலைக்கு வருவதற்கு முன்னால் எட்டு வருடம் கார்களுக்குத் தகர வேலை பார்த்தவன் நான். கதவைத் திறந்தேன். கைப்பிடி என்னோடு வந்தது. தரைத் தகடு அரித்து அதன் வழியாகப் புல் முளைத்திருந்தது. சீட்டுக்குள் எலி குட்டி போட்டிருந்தது. எஞ்சின் துருப்பிடித்து ஒரே கட்டியாக இறுகிக் கிடந்தது.

"ஓடாது மாமி. வேணும்னா வேற வண்டிகளோட சாமானைப் போட்டு ஓட வைக்கலாம். பழைய வண்டின்னு இதுல பாதிதான் மிஞ்சும்."

"மதி. பாதி போதும். அவர் கை படற இடமெல்லாம் பழசா இருக்கணும். கை படாத இடத்துல நீ என்ன வேணா வை."

எஞ்சின் வேலைக்கு சஜி என்ற மெக்கானிக்கைச் சேர்த்துக்கொண்டேன். பழைய இரும்புக் கடைகளில் அலைந்தோம். விபத்தில் நசுங்கிய ஒரு சின்ன வேனிலிருந்து எஞ்சினும் கியர் பெட்டியும் கிடைத்தன. ரேடியேட்டர் ஒரு புதுக் காருடையது. பிரேக் இன்னொரு காருடையது. தரைக்குப் புதுத் தகடு வெட்டிப் போட்டேன். ஆனால் ஸ்டீயரிங் சக்கரம், அதன் பக்கத்தில் இருக்கிற கியர் லீவர், ஹார்ன் வளையம், ஜன்னல் ஏற்றும் கைப்பிடி எல்லாம் பழையவை. மாமி தினமும் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் வந்து உட்கார்ந்து தேங்காயெண்ணெய் தொட்டு அவற்றைத் துடைப்பார். இடப்பக்க சீட்டில் சார் சாய்ந்து உட்கார மெத்தை தைத்தார். கார் ஓட்டவும் கற்றுக்கொண்டார், அறுபத்தெட்டு வயதில். ஓட்டுநர் பள்ளிக்காரர் ஏதோ ஆறுதலாகச் சொன்னபோது, "எனக்கு வரலை. ஆனா வரணும்" என்றாராம்.

மூன்றாவது மாதம் சாரின் கால்விரலில் ஒரு புண் வந்தது. சர்க்கரைக்காரர்களுக்கு வருகிற, ஆறாத புண். வீட்டுக்கு வந்து கட்டுப்போடுகிற நர்ஸ், "சீக்கிரம் கொண்டுபோங்க மாமி" என்று சொல்ல ஆரம்பித்தார். நாங்கள் ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்தோம்.

நாலாவது மாதம் கார் கிளம்பியது. சத்தம் கேட்டுச் சார் பின்வாசலுக்கு வந்தார்.

"இது என் வண்டிச் சத்தம் இல்லையே."

"ஆமா. எஞ்சின் மாத்தியிருக்கு. பாக்கியெல்லாம் உங்களோடது" என்றார் மாமி.

சார் யோசித்தார். பிறகு படி இறங்கினார். பதினாலு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக. சஜி என் கையைப் பிடித்து நெரித்தான். சார் காரைச் சுற்றி வந்தார், வலப்பக்கக் கதவைத் திறந்தார், டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார், கண்ணாடியைச் சரிசெய்தார்.

"நான் ஓட்டறேன். நீங்க அந்தப் பக்கம் உக்காருங்கோ" என்றார் மாமி.

"என் வண்டியை நீ ஓட்டினா நான் வரலை."

மக்களே, நாங்கள் மூன்று பேர், நாலு மாதம். ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தக் காரில் சார் ஒரு நாள்கூட இடப்பக்கம் உட்கார்ந்ததில்லை. அவர் காரில் ஏறுவது என்றால் ஓட்டுவதுதான். மாமி தைத்த மெத்தை இடப்பக்கத்தில் சும்மா இருந்தது. சார் சாயங்காலம் வரை ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அப்புறம் ஒன்றுக்குப் போகவேண்டும் என்று இறங்கி உள்ளே போய்விட்டார்.

மாமி ஸ்டூலில் இருந்து எழவில்லை. "நான் எப்படி இதை யோசிக்காமப் போனேன்?" என்று என்னைக் கேட்டார். பதில் எதிர்பார்த்து என் முகத்தையே பார்த்தார்.

மறுவாரம் விரல் கறுத்தது. நர்ஸ் என்னையும் வைத்துக்கொண்டே சொன்னார். இன்னும் பத்து நாள். அதற்குப் பிறகு போனால் முழங்காலோடு எடுப்பார்கள். அதற்கும் பிறகு என்றால் எடுத்தும் பிரயோஜனம் இருக்காது.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். காருக்கு அடியில் படுத்து வேலை செய்யும்போது ஒன்றைக் கவனித்திருந்தேன். ஸ்டீயரிங் பெட்டியை மாட்டுகிற துளைகள் வலப்பக்கம் இருப்பதுபோலவே இடப்பக்கமும் இருந்தன. அந்த வண்டி முதலில் செய்யப்பட்ட வெளிநாட்டில் ஓட்டுகிறவர் இடப்பக்கம்தான் உட்காருவார். அதனால் நிஜ ஸ்டீயரிங்கையும் பெடல்களையும் இடப்பக்கம் மாற்றி மாமி ஓட்டலாம். சார் வழக்கம்போல வலப்பக்கம் உட்காரட்டும். அவர் கையில் பழைய சக்கரம் இருக்கும். திருப்பினால் கனமாகத் திரும்ப ஒரு ஸ்பிரிங் வைத்துவிடுவேன். ஆனால் அது எதோடும் சேராது. இதை நான் மாமியிடம் சொன்னேன்.

சஜி கேட்டுவிட்டு, "அண்ணா, இது சுத்த வட்டு, பைத்தியக்காரத்தனம். போலீஸ் பார்த்தா நம்ம ரெண்டு பேரையும் உள்ளே வைப்பான்" என்றான். அவன் சொன்னது நியாயம். சட்டப்படி அது தப்பு. நீங்கள் யாரும் அப்படிச் செய்யக்கூடாது.

மாமி போலீஸைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அது பொய்யாக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இரண்டு நாள் மாமியைக் காணவில்லை. மூன்றாம் நாள் நான் பட்டறை திறக்கும்போது வாசலில் நின்றார். அழுதிருந்தார் என்று நினைக்கிறேன்.

"பண்ணு மேஸ்திரி."

"மாமி, நல்லா யோசிச்சு..."

"காத்தால கட்டு மாத்தறச்சே நாத்தம் வந்தது. அவர் என்னைப் பார்த்து, 'என்ன நாத்தம்?'னார். 'உங்க கால்'னேன். அவருக்குப் புரியலை. என் நிஜத்தை வச்சுண்டு அவர் காலை என்ன பண்றது? பண்ணு."

ஐந்து நாளில் செய்தோம். விடியற்காலையில் கோவில் மைதானத்தில் மாமி ஓட்டிப் பழகினார். சார் பக்கத்துச் சக்கரத்தில் ஹார்னை மட்டும் நிஜமாகவே இணைத்து வைத்தேன். என்னமோ, ஒன்றாவது வேலை செய்யட்டும் என்று தோன்றியது.

போகிற நாள் காலை ஆறு மணி. மாமி சாவியைக் கொண்டுவந்து சார் கையில் கொடுத்தார். சார் உட்கார்ந்தார். மாமி இடப்பக்கம். தன் முன்னால் இருந்த சக்கரத்தின் மேல் ஒரு புடவையைத் தொங்கவிட்டிருந்தார். நான் பின்சீட்டில். சார் சாவியைத் திருப்பினார், மாமி சுவிட்சைப் போட்டார், கார் நகர்ந்தது.

சாரை அப்படி நான் பார்த்ததே இல்லை. வளைவுகளில் சக்கரத்தை ஒடித்தார், லீவரைத் தட்டினார், பால்காரனுக்கு ஹார்ன் அடித்தார். "எஞ்சின் நன்னா இழுக்கறது" என்றார். தைக்காடு தாண்டும்போது பாட ஆரம்பித்தார். மாமி பல்லைக் கடித்துக்கொண்டு நேரே பார்த்து ஓட்டினார். புடவை கழன்று மடியில் விழுந்தது. சார் ரோட்டைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

கவடியார் சந்திப்பு வந்தது. ஆஸ்பத்திரிக்கு இடப்பக்கம் திரும்பவேண்டும். நெடுமங்காடு, கல்லாறு எல்லாம் வலப்பக்கம். முப்பது வருடம் போன வழி. சார் சக்கரத்தை வலப்பக்கம் ஒடித்தார். கார் இடப்பக்கம் திரும்பியது.

அந்த முகத்தை நான் கண்ணாடியில் பார்த்தேன். இன்னும் ஒடித்தார், முழுக்க ஒடித்தார். கார் இடப்பக்கமே போனது. இல்லாத பிரேக்கைக் காலால் தேடித் தேடி மிதித்தார், அந்தப் புண் காலால். "விட்டுடுத்து. ஸ்டீயரிங் விட்டுடுத்து" என்று கத்தினார். பிறகு ஒன்று செய்தார். இடது கையை நீட்டி மாமியின் நெஞ்சுக்குக் குறுக்கே தடுப்பு மாதிரி வைத்து அழுத்தினார். "இறுக்கிப் பிடிச்சுக்கோ. இடிக்கப் போறது. நீ பிடிச்சுக்கோ."

மாமி நடுரோட்டில் நிறுத்திவிட்டார். பின்னால் பஸ் ஹார்ன் அடித்தது. சாரின் கை மாமியின் குறுக்கே அப்படியே இருந்தது.

நான் குனிந்து, "மாமி, ஸ்டீயரிங் லாக் ஆயிட்டு, இப்ப சரியாயிரும்னு சொல்லுங்க" என்றேன்.

மாமி அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார்.

"இடிக்காது. ஸ்டீயரிங் என்கிட்ட இருக்கு. பாருங்கோ. உங்ககிட்ட இருக்கறது வெறும் சக்கரம். உங்களை ஏமாத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறேன். கால் அழுகறது. வேற வழி எனக்குத் தெரியலை."

சார் அப்போதுதான் மாமியின் முன்னால் இருந்த சக்கரத்தைப் பார்த்தார். தன்னுடையதைப் பார்த்தார். அதை மெல்ல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார்.

"நீயா?" என்றார்.

"நான்தான்."

கையை இழுத்துக்கொண்டார். இரண்டு கையையும் மடியில் வைத்தார். பஸ்காரர் இறங்கி வந்து ஜன்னலில் தட்டி ஏதோ திட்டினார். மாமி காரை எடுத்தார். ஆஸ்பத்திரியில் சக்கர நாற்காலியைக் கொண்டுவந்தபோது தானாக இறங்கி உட்கார்ந்தார். தூக்கவேண்டியிருக்கவில்லை.

இரண்டு விரல்களை எடுத்தார்கள். கால் பிழைத்தது. மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு ஆட்டோவில் வந்தார். ஆட்டோவில்தான். ஏறு என்றால் ஏறினார், இறங்கு என்றால் இறங்கினார். என் வண்டி எங்கே என்று அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

அந்தக் காலைநேரம் அவருக்கு ஞாபகம் இல்லை என்று டாக்டர் சொன்னார். இருக்கலாம். ஆனால் என்னவோ ஒன்று தங்கிவிட்டது. மாமி சாதத்தைப் பிசைந்து கொடுத்தால், "இது சாதமா?" என்று நர்ஸைக் கேட்பார். மாமி மாத்திரை கொடுத்தால் எதிர்வீட்டு அம்மாள் வந்து சொல்லும்வரை விழுங்கமாட்டார். மாமி மழை பெய்கிறது என்றால் எழுந்து போய் ஜன்னல் வழியே கையை நீட்டிப் பார்ப்பார்.

"கால் இருக்கு மேஸ்திரி. நடக்கறார்" என்பார் மாமி என்னிடம். யோசனை சொன்னவன் நான் என்று ஒரு நாளும் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இரண்டு மாதம் போன பிறகு மாமி என்னைக் கூப்பிட்டு, ஸ்டீயரிங்கைத் திரும்ப வலப்பக்கமே வைக்கச் சொன்னார்.

"யாரு ஓட்டப்போறா மாமி? எதுக்கு?"

"இப்படி இருக்கப்பிடாது. அவ்வளவுதான்."

ஒரு நாள் பகல் முழுவதும் வேலை செய்து மாற்றினேன். முன்பக்கம் இன்னும் ஜாக்கியில் நின்றது, டயர் தரையைத் தொடாமல். மாமி சாரைக் கைபிடித்துக் கூட்டிவந்து கார் பக்கத்தில் நிறுத்தினார்.

"இப்போ இது நிஜம். பழையபடி பண்ணச் சொல்லிட்டேன். நீங்க பாருங்கோ."

சார் மாமியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "ஆமா சார், நிஜந்தான்" என்றேன். என்னையும் நம்பவில்லை. கைத்தடியைக் காரில் சாய்த்துவைத்துவிட்டு, ஜன்னல் வழியாகக் கையை விட்டு, சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பினார். பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு கஷ்டப்பட்டுக் குனிந்து முன் டயரைப் பார்த்தார். டயர் திரும்பியிருந்தது.

நிமிர்ந்தார். சக்கரத்தை மறுபக்கம் திருப்பினார். மறுபடி குனிந்து பார்த்தார். டயர் மறுபக்கம் திரும்பியிருந்தது.

மாமி பக்கத்தில் நின்று அவர் விழுந்துவிடாமல் தோளைத் தாங்கிக்கொண்டிருந்தார். சார் மூன்றாவது முறையும் திருப்பினார். மூன்றாவது முறையும் குனிந்தார்.